ஸ்டெடி

ஐஸ் உடைக்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
கையளவு ஈரமாகக் கிடந்தது.
காசிமேட்டில் விடிகாலை மூன்று மணி.
கணக்கு நோட்டை மூடிவிட்டு
துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

நடக்கத் தொடங்கிய அன்றுதான் தெரிந்தது.
தலை ஒரு பக்கம் கிளம்பும்,
பின்னங்கால்கள் வேறு வேலையாகப் போகும்.
தட்டைக் குறிவைத்துத்
தரையைக் கடிக்கும்.

வேப்பேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண்
அதன் மூக்குக்கு முன்னால் பேனாவை ஆட்டிப் பார்த்தாள்.
சிறுமூளை வளரல. வலி கிடையாது.
சரியாகவும் ஆகாது.
சொல்லி முடிக்குமுன் பேனா மேல் பாய்ந்து
மேசையிலிருந்து விழுந்து
எழுந்து
மறுபடி பாய்ந்தது.
சீட்டில் பெயர் கேட்டாள்.
வாயில் வந்ததைச் சொன்னேன்: ஸ்டெடி.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி.
படிக்குக் குறுக்கே பலகை, பால்கனிக்குக் கிழிந்த வலை,
கட்டில் காலுக்கெல்லாம் பழைய சாக்ஸ்.
அப்படியும் ஒரு மழை நாளில் பலகையைத் தாண்டி
ஒன்பது படி உருண்டது.
கீழே போய்ப் பார்த்தால்
உதட்டில் ரத்தத்தோடு ஒரு பல்லியைத் துரத்துகிறது.
இரவு முழுக்க நான் ஐஸ் கம்பெனியில்.
யார் வீட்டுக்காவது அனுப்பிவிட வேண்டும்.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா வந்தார்.
பத்து நிமிடத்தில் பதினோரு 'பாவம்'.
கணக்கெழுதுகிற புத்தி, எண்ணிவிட்டேன்.
பன்னிரண்டாவதற்கு ஸ்டெடி
அவர் முந்தானையில் தொங்கியது.
"ஊனமான பூனை இப்படியா ஆடும்?"
மடியில் போட்டு அழ ஒன்று தேவைப்பட்டது அவருக்கு.
இது மடியில் மூன்று நொடி தங்கும்.

கொடுங்கையூர் பெனடிக்ட் கேட்டவுடன் தூக்கிப்போனான்.
பன்னிரண்டாம் நாள் மாம்பழப் பெட்டியில் திரும்பி வந்தது.
"ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுது, வுழுது, ஓடுதுக்கா.
நாங்க எதையோ அறுக்குறோம்னு
கீழ்வூட்டுக்காரர் கதவ இடிக்கிறார்."
பெட்டியில் புது மணி ஒன்று, அவன் வாங்கியது.
அவனைத் திட்ட வாய் வரவில்லை.

கொருக்குப்பேட்டையில் ஆட்டோவுக்கு சீட் தைக்கிற ஷம்ஷாத்
ஒருநாள் படியேறி வந்தாள்.
சரியாகுமா என்று கேட்கவில்லை.
எத்தனை வேளை சோறு, எங்கே வெளிக்கி போகும்,
ராத்திரி ஓடுமா.
ஓடும் என்றேன்.
"நானும் ரெண்டு மணி வரைக்கும் தைக்கிறேன். ஓடட்டும்."

போய்ப் பார்த்தேன். தரைவீடு.
தரை எங்கும் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்ச்,
மஞ்சள், சாம்பல், கணுக்கால் ஆழம்.
எங்கே விழுந்தாலும் மெத்தை.
ஆனால் ஊசி, நூல். ஒரு முழம் நூல் போதும் குடலை அறுக்க.
முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.
வழியெல்லாம் அந்த ஸ்பாஞ்ச் கண்ணிலேயே நின்றது.

பத்து நாள் கழித்து போன் வந்தது.
நூல்கண்டுக்கெல்லாம் மூடி போட்ட பெயின்ட் டப்பா.
ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வைக்கிறாளாம்.
"எண்ணிக்கை எழுதி வச்சிருக்கேன், வந்து பாரு."
எனக்குப் புரிகிற பாஷையில் பேசிவிட்டாள்.

கூடையோடு போனபோது ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில். நாற்பத்திரண்டு பெட்டி வரை எண்ணினேன்.
ஷேர் ஆட்டோவைத் திருப்பச் சொல்லலாம்.
கூடைக்குள் அது
ஒவ்வொரு பெட்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து விழுந்தது,
திருவிழாவுக்குப் போகிற மாதிரி.
கேட் திறந்தது.

இரண்டு மாதம் கழித்துப் போனேன்.
என்னைப் பார்த்ததும் ஓடி வந்தது,
என்னைத்தான் குறிவைத்தது என்று நினைக்கிறேன்,
நிலைப்படியில் மோதி
ஸ்பாஞ்சில் உருண்டு
பாதி வழியில் ஒரு பச்சைத் துணுக்கைக் கண்டு
அதோடு போய்விட்டது.
ஷம்ஷாத் தலை நிமிராமல் மிஷினை மிதித்தாள்.
"ஆட்டோக்காரனுங்க கேக்குறாங்க,
சீட்ல ஏது இவ்ளோ மயிருன்னு."

வீட்டில் அந்தப் பலகையை இன்னும் எடுக்கவில்லை.
விடிகாலையில் வந்து
காலைத் தூக்கி வைத்துத் தாண்டுகிறேன்.
நேற்று தடுக்கிவிட்டது.