முப்பத்தொன்று

எங்கள் அணியின் சாதனைகள்
ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.
அதையும் நிரப்ப
எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.

பதக்கம்: ஒன்று, வெண்கலம்.
தொடர் வெற்றி: ஒன்பது.
தொடர் தோல்வி: இருபத்திரண்டு.
கடைசியைப் போடாதே என்கிறார் மேலாளர்.
ஊருக்கு மனப்பாடம் அது ஒன்றுதான்.
பிறகு, அரங்கின் வடக்குச் சுவரில்
இரும்பில் வெட்டி மாட்டிய
31.

ஒரே ஆட்டத்தில் முப்பத்தொரு ரீபவுண்ட்.
எய்முந்தாஸ். 1993, பிப்ரவரி.
நாடு புதிது. சம்பளம் கூப்பன் தாளில்.
வெந்நீர்க் குழாய்களில்
வெந்நீர் வராத லிதுவேனியக் குளிர்காலம்.
மேல்கோட்டைக் கழற்றாமல் பார்த்தார்கள்
ஆயிரத்து நூறு பேர்.
பந்து கல்லாக இறுகிக் கிடந்தது.
எறிந்ததெல்லாம் வளையத்தில் இடித்துத் திரும்பியது.
யாருக்கும் கூடை விழாத இரவில்தான்
திரும்பும் பந்தைப் பிடிப்பவன்
தெய்வமாகிறான்.

மேசையில் உட்கார்ந்து குறித்தவள் நான்.
வயது பத்தொன்பது.
கையுறையோடு பென்சில் பிடித்து
கோடு, கோடு, கோடு.

இப்போது கழகத்துக்கு ஐம்பதாவது ஆண்டு.
மலர் போடுகிறார்கள், கணக்கு என் தலையில்.
யாரோ படியில் நின்று எடுத்த பழைய வீடியோவை
சமையலறையில் ஓடவிட்டு எண்ணினேன்.
இருபத்தாறாவதில் நிறுத்தினேன்.
பின்னால் ஓட்டி மறுபடி நிறுத்தினேன்.
கஞ்சி அடிபிடித்து நாறும்வரை நிறுத்தினேன்.

எய்முந்தாஸ் எம்பினான், உண்மை.
அவன் கை விளக்கு வெளிச்சத்துக்குள் போனது, உண்மை.
எல்லாக் கண்ணும் அதோடு போயின, என் கண்ணும்.
ஆனால் அவனுக்குப் பின்னால், ஒரு சாண் கீழே,
இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிய இன்னொரு கை.
பந்து வந்தது அதற்குள்.
தெருவில் விழுந்த தொப்பியை
உரியவரிடம் நீட்டுகிற மாதிரி
அதை எய்முந்தாஸிடம் நீட்டிவிட்டு
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது.

ஸ்கிர்மந்தாஸ். பதினைந்தாம் எண்.
ஆட்டம் 1. நிமிடம் 4.
புள்ளி 0. ரீபவுண்ட் 0.
பேரேட்டிலிருந்து பேரேட்டுக்கு,
பேரேட்டிலிருந்து கணினிக்கு
எத்தனை முறை பெயர்த்து எழுதியிருக்கிறேன் இந்த வரியை,
ஒருமுறைகூட நின்று பார்க்காமல்.

அரங்கின் கொதிகலன் இப்போது அவர் பொறுப்பு.
கீழே இறங்கிப் போனேன்.
கருப்பு ரொட்டியில் ஹெர்ரிங் மீனை வைத்துத்
தின்றுகொண்டிருந்தார். சொன்னேன்.
மென்று முடித்துவிட்டுக் கேட்டார்:
‘இருபத்தாறாவதா?
நான் இருபத்தைந்து என்றல்லவா நினைத்திருந்தேன்.’

ஏன் சொல்லவில்லை என்றேன்.
‘யாரிடம்?
நீதான் எழுதிவிட்டாயே.’

முப்பது என்று திருத்தினால்
துறைமுகத்து அணிக்காரன் ஒருவனோடு
சாதனையைப் பங்கிட வேண்டும்.
அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
எய்முந்தாஸ் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வருகிறார்,
முழங்கால் இரண்டும் போன பிறகும்,
அந்த எண்ணுக்கு நேர் கீழே உட்காருகிறார்.
இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருக்க
ஸ்கிர்மந்தாஸ் சொன்னார்:
‘இரும்பை இறக்காதே.
அதன் பின்னால் சுவர் விரிசல்.
மழைக்கு ஒழுகும்.’

மலர் அச்சுக்குப் போய்விட்டது.
எய்முந்தாஸ்: முப்பத்தொன்று.
ஸ்கிர்மந்தாஸ்: ஒன்று.
மற்றவர்கள் பழையபடியே.
அணியின் மொத்தம் ஐம்பத்துநான்கு என்கிறது பட்டியல்.
ஒவ்வொன்றாகக் கூட்டினால்
ஐம்பத்தைந்து வரும்.

பந்தைவிடக் கணக்கைப் பிடிக்கும் பிள்ளை ஒன்று
எந்த ஊரிலும் இருக்கும்.
நானே அப்படித்தான் இந்த மேசைக்கு வந்தேன்.
அது கூட்டிப் பார்க்கட்டும்.
என் தொலைபேசி எண்
கடைசிப் பக்கத்தில், ரொட்டிக் கடை விளம்பரத்துக்குக் கீழே,
சிறிய எழுத்தில் இருக்கிறது.