ஏழின் இடுப்பில் ஒரு கோடு

இரவு ஷிஃப்ட் லெம்பிக்கு, பகல் எனக்கு.
கயானிக்கு வடக்கே சரக்கு வண்டி மட்டும் நிற்கும் நிலையம்.
ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே தந்திக் கருவி.
காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் சந்திப்போம்:
சாவி, விளக்கெண்ணெய்க் கணக்கு, வந்துசேராத வண்டி.
நான் உட்காரும்போது நாற்காலியில் அவள் சூடு மிச்சமிருக்கும்.

அடி இழுப்பறையில் அவளுடைய நோட்டுகள்.
முதல் அட்டையில் இவ்வளவுதான்:

11111111111111111

பதினேழு ஒன்றுகள்,
தண்டவாளத்தோரம் பனித்தடுப்புக்கு நட்ட கம்புகள் மாதிரி.

"இது உடையுமா என்று பார்க்கிறேன்" என்றாள் ஒருநாள்,
கையுறையை மாட்டிக்கொண்டே.
"மூன்று போகாது. ஏழு போகாது. பதினொன்றும் போகாது.
முப்பத்து நான்கின் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும்
பகா எண்கள் மட்டுமே இதற்குள் நுழைய முடியும்.
மற்றதைத் தொடவே வேண்டாம்."
எதற்கு உதவும் என்று கேட்டேன்.
"ஒன்றுக்கும் இல்லை."
சிரித்தாளா தெரியவில்லை, மஃப்ளர் மூக்குவரை ஏறியிருந்தது.

இரவுக்குப் பதினாறு வகுத்தல்.
ஒரே ஒரு வசதி, இறக்குவது எப்போதும் ஒன்றுதான்.
கழி, ஒன்றை இறக்கு. கழி, ஒன்றை இறக்கு.
ஈவு வரும், இரக்கம் வராது.
கடைசியில் ஏதோ ஒரு மீதி நிற்கும்,
வண்டி போன பிறகும் நடைமேடையை விட்டு நகராத ஆளைப்போல.

நான்கு குளிர்காலம் இப்படி.
ஐந்தாவதில், பனிப்புயலில் பாதை மூடிய ஒரு செவ்வாய்,
செய்ய வேலையில்லாமல் பழைய நோட்டைப் புரட்டினேன்.
போன மார்ச். கடைசிப் பக்கம்.
வகுக்கும் எண் 2071723. மீதி 799670.
அடுத்த எண்ணுக்கு அவள் போய்விட்டிருந்தாள்.

எங்கள் நாட்டில் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவோம்.
ஏழாவது மீதி 739605.
அதன் முதல் ஏழுக்கு அன்று கோடு விழவில்லை.
விடியும் நேரமாக இருந்திருக்கும்.
அடுத்த வரியில் அதை ஒன்றாகவே வாசித்திருக்கிறாள்.
அத்தனை ஒன்றுகளுக்கு நடுவே
யாருக்குத்தான் இன்னொன்று உறுத்தும்?

நானே கழித்துப் பார்த்தேன், தந்திப் படிவத்தின் முதுகில்.
இறக்கினேன், கழித்தேன், இறக்கினேன்.
கடைசி வரியில் எதுவும் மிஞ்சவில்லை.
நடைமேடை காலி.
அடுப்பில் விறகு போட மறந்துவிட்டேன்.

ஒரு குளிர்காலம் முழுக்க அவள் அதைத் தாண்டி நடந்திருக்கிறாள்,
இரவுக்குப் பதினாறு அடி,
வீட்டு வாசலைக் கடந்தவள் மாதிரி.
இதை எப்படிச் சொல்வது? பத்து நிமிடத்தில்?

சொல்லவில்லை.
ரயில்வே கொடுத்த ஊதாப் பென்சிலை எடுத்து
அந்த ஏழின் இடுப்பில் ஒரு கோடு போட்டேன்.
நோட்டை மேலே வைத்தேன்.

மறுநாள் காலை சாவி தந்தாள், எண்ணெய்க் கணக்கு சொன்னாள்.
கண் சிவந்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான்.
கதவுவரை போய்த் திரும்பினாள்.
"நாக்கை நீட்டுங்கள்."
நீட்டினேன்.
"அந்தப் பென்சிலை எச்சில் தொட்டு எழுதாதீர்கள், விஷம்" என்றாள்.

மேசையில் புது நோட்டு கிடந்தது.
அட்டையில் ஒன்றுகள்.
எண்ணினேன், பத்தொன்பது.