ஆறாவது துளை

முதலில் பனி.
ஆட்டுத்தோலில் தண்ணீர் படக்கூடாது,
பட்டால் உள்தோல் பலகையாய் விறைத்து
மடிக்கிற இடத்தில் வெடிக்கும்.
கொல்லையில் இரவு விழுந்த புதுப் பனிமேல்
மயிர்ப்புறம் கவிழ்த்துப் போட்டு
துடைப்பக் கட்டையால் அடிக்கிறேன்.
தூக்கினால்
வெள்ளையில் கறுப்பாய் ஓர் ஆள் கிடக்கிறான்:
சொக்கப்பனைப் புகை, வைன், வீதிச் சேறு.
இரண்டடி தள்ளிப் போட்டு மறுபடி அடிக்கிறேன்.
ஆள் சாம்பலாகிறான்.
நான்காம் முறை, வெறும் பள்ளம்.

ராங்கெல் ஹாம்பர்கிலிருந்து பேசினான்.
லாரி சுங்கச்சாவடியில் நிற்கிறதாம்.
"வென்ட்சி கிழிக்காமல் போட்டானா?"
"கிழியவில்லை" என்றேன்.
அது உண்மைதான்.

பிறகு மணிகள், பதினெட்டு.
வெண்கலத்துக்கு வினிகரும் உப்பும்,
இரும்புக்குச் சாம்பலும் பன்றிக்கொழுப்பும்.
ஒவ்வொன்றின் நாக்கையும் பழந்துணியால் சுற்றி
நூலால் கட்ட வேண்டும்.
கட்டாமல் பரணில் ஏற்றினால்
எலி ஓடும்போதெல்லாம் வீடு பேசும்.
பதினேழு நாக்குகளைக் கட்டிவிட்டேன்.

முகமூடிக்குள் டார்ச் அடித்துத் தேடுகிறேன்.
சேவல் இறகுகளில் பேன் இல்லை.
இடக்கொம்பு ஆடுகிறது, பசை வேண்டும்.
மூக்குத் துவாரத்துக்குக் கீழே
கம்பளி நீளத்துக்கு முகப்பூச்சு.
ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன்.
தாடைப் பட்டையில் சிக்கிய முடி
வென்ட்சிக்கு இருக்க முடியாத நீளம்.
இதையும்.

வென்ட்சி அன்று சாயங்காலமே
ராக்கியா குடித்துத் தொழுவத்தில் கவிழ்ந்திருந்தான்.
வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.
உள்ளே ஆணியில்
ஒன்பதாவது ஆள், உடம்பு மட்டும் இல்லாமல்.
நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
தலைக்குமேல் தோலைக் கவிழ்த்தபோது
பூசணிக் கிடங்கின் இருட்டு;
முன்னூறு ஆட்டின் வாசனை,
அதற்கடியில் ராங்கெலின் கழுத்து.
மணிப்பட்டையை இடுப்பில் சுற்றினால்
கடைசித் துளையிலும் நழுவியது.
ஆணியைத் தணலில் பழுக்கவைத்து
இன்னொன்று போட்டேன்.

முகமூடி போட்டவன் பேசக்கூடாது என்று
எங்கள் ஊரில் ஒரு வழக்கம்.
இத்தனை வருடம் அதை நான் மதித்ததே இல்லை.

முப்பத்தோரு வீடுகள்.
ஒவ்வொரு முற்றத்திலும் குதித்தேன்.
கெட்டது எதுவோ அது ஓடட்டும் என்று
குதித்தேன், குதிக்கக் குதிக்க
இடுப்புக்குக் கீழே கால்கள் வேறு யாருடையதோ ஆயின.
ரொட்டியும் வைனும் கொண்டுவந்த பெண்கள்
என்னைக் கண்டு கூச்சலிட்டார்கள்.
போன வாரம் தையல் ஊசி கடன் கேட்ட ஸ்வெதானா
பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டாவது என் வீடு.
விளக்கு இல்லை. கதவு திறக்கவில்லை.
திறக்க வேண்டியவள்
முற்றத்தில் கொம்போடு நின்றிருந்தாள்.
"ராங்கெல் பெண்டாட்டி தூங்கிவிட்டாள் போல"
என்றான் தலைவன். "நாம் நம் வேலையைச் செய்வோம்."
செய்தோம்.
என் வீட்டுக்காக மற்ற எல்லா வீட்டையும்விட
அதிக நேரம் குதித்தேன்.
யாரும் வந்து நன்றி சொல்லவில்லை.

இப்போது தோள்பட்டை இரண்டும்
நாவல்பழம் நசுங்கிய நிறம்.
கழுத்து மூடிய சட்டை போட்டிருக்கிறேன்,
மார்ச்சுக்குள் மாறிவிடும்.

தோலின் மடிப்புகளுக்குள் புகையிலை இலை,
நடுவே வால்நட் தழை. நாப்தலின் வேண்டாம்,
அடுத்த தை மாதம் போடுகிறவனுக்குத் தலை வலிக்கும்.
கைத்தறி விரிப்பில் பொதிந்து
செடார் பெட்டிக்குள்
மயிர் மேற்புறமாக, கொம்பு சுவரோரமாக.

இடுப்புப் பட்டை மட்டும் பாக்கி.
எண்ணெய் தடவுகிறேன். தடவத் தடவத்
தோல் பளபளக்கிறது,
ஐந்து துளைகள் பழையவை, விளிம்பு மழுங்கியவை.
ஆறாவது
இன்னும் கருகிய நெடியோடு.
மெழுகால் அடைக்கலாம். மெழுகு இருக்கிறது,
இழுப்பறையில், கைக்கெட்டும் தூரத்தில்.

பட்டையைச் சுருட்டி
ஆறாவது துளை மேலே தெரிகிறபடி
மற்ற எல்லாவற்றுக்கும் மேல் வைத்து
பெட்டியை மூடினேன்.

பதினெட்டாவது மணி மேசைமேல் இருக்கிறது.
நூல் தீர்ந்துவிட்டது.