புள்ளியில்லாத ஆட்டம்

புதுவயல் மில்லுக்குப் பின்னால் மைதானம்.
ஆடிக் காற்று உமியை அள்ளி வந்து
கோட்டின் மேல் கொட்டுகிறது.
சுண்ணாம்பு எது, சாம்பல் எது என்று
கோட்டுநடுவர் நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

லீக் ஆவணியில்தான்.
இது சும்மா பழக்க ஆட்டம்.
அறந்தாங்கிப் பையன்கள் டாடா ஏஸில் வந்திருந்தார்கள்.
கோப்பை கிடையாது, புள்ளி கிடையாது,
ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும்
ஒரே அண்டாவில் எலுமிச்சைச் சாறு.

ஒன்றுக்குச் சைபர், நம்ம பக்கம்.
அறுபத்து மூன்றாவது நிமிடம்
சூசைமாணிக்கம் சார் பலகையைத் தூக்கினார்.
ஒன்பது வெளியே, நான்கு உள்ளே.
வயிரவன் போக, குமரப்பன் வந்தான்
ஐந்தாவது தடுப்பாளாக.
வயிரவன் கழுத்தை வளைத்து
தன் முதுகைப் பார்க்க முயன்றான்,
பனியனில் எண் மாறிவிட்டதோ என்று.

அப்புறம் என் காதுக்குப் பின்னால் ஆரம்பித்தது.

"ஒத்த ரூவாய்க்கு அஞ்சு பூட்டாய்யா?"
மினி லாரி அடைக்கலம்.

எடைமேடை ஜமால் விடவில்லை:
"போன வருஷம் அரையிறுதி மறந்துபோச்சா?
எண்பத்தெட்டுல வாங்குனோமே.
கோல் போட எல்லாப் பயலும் பழகுறான்.
போட்டதை வச்சுக்க எப்பப் பழகுறது?"

"அதுக்கு வயிரவனா கெடச்சான்?
இப்பத்தான் அவனுக்குக் கால் சூடேறுச்சு."

மீனாள் டீச்சர் குடையை மடக்கினார்.
"அத விடுங்க. பெஞ்சுல பாருங்க,
நாலு பேரு மஞ்ச பனியனோட
மூணு மணிலருந்து உக்காந்திருக்கான்.
அவனுகள எப்பப் பாக்கப் போறாரு?
தோத்துப் பாக்கத்தானே இந்த ஆட்டமே?"

ஜமால் அதை மனசுக்குள் எடை போட்டார் போல.
சீட்டு வரவில்லை.

குமரப்பன் உதைத்ததில்
பந்து உமிமேட்டில் புதைந்தது.
இரண்டு பேர் முழங்கால்வரை இறங்கித் துழாவினார்கள்.
நம் கோலி நிதானமாக
லேஸை அவிழ்த்துக் கட்டினான்,
திரும்பவும் அவிழ்த்துக் கட்டினான்.
நேரம் கடத்துகிறார்களாம்.
எந்த நேரத்தை, யாரிடமிருந்து?

ஒன்றுக்குச் சைபரிலேயே விசில்.
ஜெயித்ததால் வழக்கு தீரவில்லை.
தோற்றிருந்தால் ஒரு தரப்பாவது வாயை மூடியிருக்கும்.
டீக்கடையில் ஐந்து கிளாஸை வரிசையாக வைத்து
அடைக்கலம் மறுபடி ஆடிக்காட்டினார்.
பஜ்ஜித் தட்டுதான் கோல்.

இருட்டும் நேரம். என் வண்டியில் சார்,
பந்துப் பை அவர் மடியில்.
கண்டனூர் கேட் மூடியிருந்தது.

"நீ சொல்லு. எடுத்தது தப்பா?"

"நான் கோட்டத்தான் சார் பாத்துக்கிட்டிருந்தேன்."

கோட்டைத்தான்.
ஐம்பத்தெட்டாவது நிமிடம் வயிரவன் பாய்ந்தபோது
அவன் தோளும் கடைசித் தடுப்பாளின் தோளும்
ஒரே புழுதிக்குள் இருந்தன.
சந்தேகம் வந்தால் ஓடுகிறவனுக்கு விடு:
இதைப் படித்துப் பரீட்சை எழுதித்தான்
இந்தக் கொடியை வாங்கினேன்.
ஆனாலும் கை தூக்கிவிட்டது.
தூக்கினால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்;
தூக்காமல் விட்டால் ஊர் கூடும்.
பந்து வலைக்குள் கிடந்தது,
ஆஃப்சைடு என்று.

அது கோலாகியிருந்தால் இரண்டு.
இரண்டாகியிருந்தால் சார் பலகையைத் தொட்டிருப்பாரா?
மஞ்சள் பனியன்கள் நான்கும் இறங்கியிருக்கும்,
ஒருவேளை.
இவ்வளவு அலசினார்களே,
அந்த நிமிடத்தை ஒருவரும் எடுக்கவில்லை.

ரயில் போனது.
கேட்காரர் பச்சைக்கொடியை நீட்டியபடி நின்றார்,
கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

தடுப்பு எழும்பும்போது சார் கேட்டார்:
"புதன்கிழமை ஆட்டத்துல வயிரவன
முழுசா விட்டுப் பாப்பமா?"

கிக்கரை உதைத்தேன்.
"காத்து எந்தப் பக்கம்னு
பாத்துக்கிட்டு விடுங்க சார்," என்றேன்.