இருபத்தொன்பது, முப்பது

சாயங்காலம் காட்டுங்க, என்றார் தியாகு புரோக்கர்.
ஆறு மணி வெளிச்சத்தில்
எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான்.
கஜாவன்று புங்கமரம் விழுந்து நசுங்கிய கூரையை
மன்னார்குடியில் தட்டி நிமிர்த்திப் பூசினார்கள்.
காலை ஏழு மணிக்கு மட்டும் அந்த இடம்
லேசாக மஞ்சள் காட்டும்.
காட்டாவிட்டால் ஒன்று பத்துக்கு
நானே எடுத்துக்கிறேன், என்றும் சொன்னார்.
எடுத்து எவ்வளவுக்கு விடுவார் என்பது
நீடாமங்கலம் கேட்டில் நிற்கிற
அத்தனை வண்டிக்கும் தெரியும்.

பின்கண்ணாடியில் நானே நம்பர் எழுதி ஒட்டினேன்.
மூன்று நாளில் பதினேழு போன்.
ஒருவர், பேசறதுக்கு வீட்ல ஆம்பளைங்க இல்லையா, என்றார்.
இருக்கிறார். அவருக்கு கியர் போடத் தெரியாது.

வைரக்கண்ணு குடவாசல் பக்கம்.
அறுத்த வயல் பார்த்து வாத்து ஓட்டுகிறவர்.
பானெட்டைத் திறக்கவில்லை, டயரை உதைக்கவில்லை.
பின்சீட்டை மடக்கி
கையோடு கொண்டுவந்த முட்டைத் தட்டை
நீளவாக்கில் ஒருமுறை
அகலவாக்கில் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.
பத்து வருஷம் அங்கேதான் ரத்தம் வந்தது,
பூவனூரிலிருந்தும் ரிஷியூரிலிருந்தும்
ஐஸுக்கு நடுவில், சின்னச் சின்னக் குழாய்களில்,
என் லேபுக்கு.

ஏழு மணிதான். கூரையைக் காட்டினேன்.
ஒன்று நாற்பத்தைந்தில் ஏழாயிரம் குறைத்தேன்.
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஐந்துதான் குறைத்திருப்பேன்.

முட்டைத் தட்டு அட்டைக்குள் வைத்துக் கட்டிய பணம்.
ஸ்லைடு வைக்கிற மேஜையில் எண்ணினோம்,
அவர் ஒரு தடவை, நான் இரண்டு தடவை.
ஒரு நூறு ரூபாயில் சின்ன இறகு ஒட்டியிருந்தது.
இருபத்தொன்பதாம் ஃபாரம், முப்பதாம் ஃபாரம்,
சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்,
கடைசி 'ணு'வின் வாலை
கட்டத்துக்கு வெளியே இழுத்து.

புது ஐஸ்பெட்டி ஆல்ட்டோவின் கதவில் நுழையவில்லை.
விற்றதற்கு வேறு காரணம் கிடையாது.
தஞ்சாவூர் ஷோரூமில் காபி கொடுத்தார்கள்.
முன்பணமே வேண்டாம் மேடம்,
எண்பத்துநாலு மாசம், உங்களுக்கே தெரியாது.
எனக்குத் தெரியும்.
வெறும் வயிற்றில் ஓர் அளவு,
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அளவு.
தெரியாமல் ஏறுவதைத்தானே
தினமும் முப்பது பேர் விரலில் குத்திப் பார்க்கிறேன்.

காபி நன்றாக இருந்தது.

சீட்டு எடுத்த அறுபதையும் சேர்த்து
வலங்கைமானில் ரிட்டயர்டு லைன்மேன் பக்கிரிசாமியிடம்
பத்தாம் வருஷத்து வேகன்ஆர், ஒன்று தொண்ணூறு.
போட்ட பெட்ரோலையெல்லாம்
டைரியில் எழுதி வைத்திருந்த மனிதர்.
நம்பினேன்.
பெட்டி நுழைந்தது.
மிச்சம் எட்டாயிரத்தில்
பேர் மாற்றவும் இன்சூரன்ஸுக்கும் போக
ஒரு கிலோ நேந்திரங்காய் வறுவல்.

கோவில்வெண்ணி தாண்டி ஏசியைப் போட்டால்
அடுப்பு ஊதுகிற காற்று.
போன் பண்ணினேன்.
நீங்க கேக்கலையேம்மா, என்றார் பக்கிரிசாமி,
வருத்தமில்லாமல்.
கேட்கவில்லைதான்.
டைரியிலும் அது இல்லை.

கேட் போட்டிருந்தான்.
நெல் ஏற்றிய கூட்ஸ் நகர்வதாகவே தெரியவில்லை.
கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினேன்.
ரயில் ஓரத்து வாய்க்கால் வாசனை,
டீசல், யாரோ உரித்த ஆரஞ்சு.
லோன் வேணுமா மேடம், என்று ஒரு பெண் குரல்.
வேண்டாம்மா, சாப்பிட்டியா, என்று கேட்டதும்
வைத்துவிட்டாள்.

அடுத்தது வைரக்கண்ணு.
மேட்டுக்கு அடியில ஒரு ரசீது கெடக்குங்க,
ரெண்டாயிரத்துப் பதினாலு,
தவணை ஒண்ணு, பாக்கி அம்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு.
முக்கியமானதா? கொண்டாந்து குடுக்கவா?

அவருக்குப் பின்னால்
நூறு வாத்தாவது கத்திக்கொண்டிருந்தது.
வேண்டாம், என்றேன்.
எங்கயாவது தட்டு ஆடினா
மடிச்சு அடியில வச்சுக்குங்க.