அறுபத்துமூன்றாம் இலக்கம்

படம் விட்டால் முதலில் வெளியே வருவது சத்தம்.
பிறகுதான் ஆட்கள்.

கிளிநொச்சியில் நெல்லுக் களஞ்சியமாய் இருந்த மண்டபம்.
அதன் பின்பக்கத் தகரக் கொட்டிலில்
மோட்டசைக்கிள்களுக்கு நான் காவல்.
மட்டையில் இலக்கம், ஐம்பது ரூபாய்.
ஒரு படமும் முழுக்கப் பார்த்ததில்லை.
திறப்பைத் தடவித் தேடுகிறவர்கள்
சொல்லிவிட்டுப் போவதுதான் என் படம்.

இன்றைக்குக் கடலுக்குள்ளிருந்து எழும்புகிற ஒன்று.
அதை அடிக்க, பறந்து வருகிற ஒருத்தன்.

டிலக்சனுக்குப் பத்து வயசு.
தகப்பனின் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டானாம்.
அவன் தலை திரும்பிக் கொஞ்சம் கழித்துத்தான்
ஹெல்மெட் திரும்புகிறது.
"அது வாயைத் திறக்கேக்க கதிரையே நடுங்கினது!"
"கதிரை நடுங்கேல்லை, நீதான்"
என்கிறாள் தங்கச்சி கம்சாயினி, ஐஸ்பழத்தோடு.

கந்தபுரத்து வினோதரனுக்கு ஒரே சிரிப்பு.
"அவ்வளவு பெரிய மிருகம்,
ஒரு வயலுக்குள்ள இறங்கேல்லை.
ஒரு தென்னம்பிள்ளை பிடுங்கேல்லை.
பிறகேன் கரைக்கு வந்தது?
எங்கட வளவுக்கு வாறது
கத்திக்கொண்டே வரும்?
விடியப்புறம் மூண்டு மணி, ஒரு சுள்ளி முறியாது.
வெடி கொளுத்தினா நிண்டு திரும்பிப் பாக்கும்,
நீ ஆர் எண்டு கேக்கிற மாதிரி."

ஆடைத் தொழிற்சாலைப் பெட்டைகள் ஏழு பேர், மூன்று ஸ்கூட்டி.
அவர்களுக்கு மிருகம் முக்கியமில்லை.
பறக்கிறவனின் சட்டைக்கு மூட்டுத் தையல் எங்கே?
முதுகிலா, கக்கத்திலா?
கையை அப்படித் தூக்கினால் கட்டாயம் கிழியும்.
"உதில மணித்தியாலத்துக்கு எத்தினை கேப்பான் சூப்பவைசர்?"
சிரிப்பு ரோட்டு மட்டும் போய்த் திரும்பி வருகிறது.

கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போகும் தவமலர்
வழமையாய் ஒன்றும் கதைப்பதில்லை.
எஞ்சினை உதைத்துவிட்டுச் சொன்னாள்:
"என்ன ஓட்டம் ஓடுதுகள் அண்ணை,
ஒருத்தரும் நிலத்தைப் பாக்கேல்லை."

எல்லாரும் போனபிறகும் ஒன்று நிற்கும்.
அறுபத்துமூன்று. பழைய சிவப்பு, ஒற்றைக் கண்ணாடி.
கச்சேரியில் எழுதுவினைஞர் கெங்காதரனுடையது.
வெளிச்சம் போட்டாலும் எழும்பமாட்டார்,
கூட்டுகிற பொடியன் கதிரையைத் தட்டுமட்டும்.

"என்னண்ணை, படம் முடிஞ்சு எவ்வளவு நேரம்?"
"பேர் போகுது. வாசிக்க வேண்டாமே?"
"பாலம் விழுந்தது, பட்டினம் விழுந்தது, கனக்கச் சனம்.
ஓடேக்க ஒருத்தரும் ஒருத்தற்ற பேரையும் கூப்பிடேல்லை.
பாத்தனீரோ?"
நான் பார்க்கவில்லை.
"உடைச்சுக் காட்டினவங்கட பேர் மட்டும்
ஒண்டு விடாமல் ஒம்பது நிமிசம்.
மணிக்கூடு பிடிச்சனான்."

மட்டையைத் தந்தார். ஈரமாய் இருந்தது, வேர்வை.
பிறகு, ஹெல்மெட்டுக்கும் காசோ என்று சண்டை பிடித்தார்.

இரண்டாம் காட்சி தொடங்கிவிட்டது.
கொட்டில் தகரம் அதிர்கிறது, அது எழும்புகிறது போல.
தெரியும், அது ஸ்பீக்கர்.
எண்டாலும் ஒருக்கால்
மேலே பார்த்தேன்.