இழுவை

முதலில் மாறியது சத்தம்தான்.
கச்சான் காற்று லிங்கநகர் ஒழுங்கை முழுவதையும்
எங்கள் விறாந்தையில் கொட்டிவிட்டுப்போன கிழமை.
அடித்தொண்டையில் ம்ம்ம் என்று முனகும் இயந்திரம்
கீச்சிடத் தொடங்கியது.
குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
வாங்கிய புதிதில் கவ்விப் பிடித்தது.
இப்போது பசியில்லாத கன்றுபோல்
சும்மா முகர்ந்தது.

வக்கியூமில் இழுவை இல்லை.
உள்ளறையில் மகனுக்கு இழுப்பு.
ஒரே சொல்,
இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

பழைய சாரத்தை விரித்துத் துண்டு துண்டாய்ப் பிரித்து வைத்தேன்.
யதுசனின் போளை ஒன்றைக் குழாய்க்குள் உருட்டினேன்.
மறுபக்கம் வந்து கட்டிலுக்குக் கீழே ஓடியது.
குழாயில் அடைப்பில்லை.
தூரிகை உருளையில் என் தலைமயிர், ஒரு பின்னல் அளவு.
வெட்டி எடுத்தேன்.
பட்டி அறவில்லை. பியூஸ் நல்லது.
பில்டரை மாதம் ஒருக்கால் கழுவு என்றது கையேடு.
கழுவித்தான் வந்தேன்,
பால்போத்தல் கழுவுவதுபோல் விரல் விட்டு,
வெயிலில் காயவைத்து.
ஆனாலும் கீச்.

மடியில் வைத்து ஓட்டோவில் சுங்க வீதிக்குக் கொண்டுபோனேன்.
றிஸ்மியா மோட்டர் சுற்றுகிறவள்.
தண்ணீர்ப் பம்புகளுக்கும் கிறைண்டர்களுக்கும் நடுவிலிருந்து
சுத்தியல் பிடியால் பில்டரைத் தட்டினாள்.
டொக்.
எனக்குக் கேட்கட்டும் என்று இன்னொருமுறை.
"அக்கா, நீங்க இத கழுவல்ல.
கொங்கிறீட் போட்டிரிக்கீங்க."
பிறகு கேட்டாள்:
"ஊட்டுல என்ன தூசி?"

கடையில் அதை யாரும் கேட்கவில்லை.
எத்தனை வாட்ஸ் என்றார்கள். நிறம் கேட்டார்கள்.
கட்டுக்காசு எத்தனை மாதம் என்றார்கள்.
நானும் கடற்கரை மண் என்றுதான் எண்ணியிருந்தேன்.
மண் கழுவினால் போகும்.

சீனக்குடாவில், சீமெந்துப் பை கட்டும் பகுதியில் வேலை இவருக்கு.
பதினொரு வருசம்.
காதுமடலில், கைக்கடிகாரப் பட்டியில், இமைமயிரில்
ஆலையைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவருவார்.
அதைச் சம்பளம் என்று கணக்கெழுதினேனே தவிர
தூசி என்று எழுதியதில்லை.

மறுபடி மத்திய வீதி. அதே கடை.
இந்தமுறை நான் கேட்டேன்.
மூடியைத் திற, பில்டரைக் காட்டு.
பை உள்ளதா, பையில்லாததா?
பட்டி அறுந்தால் இங்கே கிடைக்குமா,
இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வரவேண்டுமா?
நெஞ்சில் டெனிஸ்டன் என்று பெயர் குத்திய பையன்
"சிவப்பில ஒண்டு இருக்கு மிஸ்" என்றான்.
வாசலில், கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
2200 வாட்ஸ் என்று அச்சடித்த அட்டைப்பெட்டியை
மென்றுகொண்டிருந்தது.
அந்த எண்ணுக்கு அதுதான் பயன்.

கடைசியில் வாங்கியது றிஸ்மியாவிடம்.
நிலாவெளியில் ஹோட்டல் கட்டி முடித்தவர்கள் விட்டுப்போனது.
பீப்பாய் உடம்பு, ஒரு சில்லு மாற்றியது,
சினையாட்டின் பாரம். அழகில்லை.
தடித்த பை. எந்த ஸ்குறூட்றைவருக்கும் திறக்கும்.
"சீமெந்தும் தின்னும். தண்ணி மட்டும் காட்டாதீங்க."

இப்போது இவர் வேலைவிட்டு வந்தால்
கிணற்றடியைத் தாண்ட விடுவதில்லை.
இரண்டு கையையும் விரித்து நிற்பார்,
சோதனைச்சாவடிகளில் பழகிய உடம்பு.
சுவிட்சைப் போட்டு முதுகிலிருந்து தொடங்குவேன்.
சேட்டைக் கவ்விய குழாய் விடமாட்டேன் என்கிறது.
"விடு, விடு" என்கிறார்,
எனக்கா அதற்கா தெரியாது.

யதுசனுக்கு இழுப்பு நிற்கவில்லை.
பம்ப் தலையணைக்குக் கீழேதான்.
போன மாதம் மூன்று இரவு,
இந்த மாதம் இன்றுவரைக்கும் ஒன்று.
போளையைத்தான் இன்னும் காணோம்.